நாலு ஸ்பீக்கர் இசைத்தட்டுகள்: சிடி-4, எஸ்கியூ, கியூஎஸ் மூன்றையும் வீட்டில் ஓட்டுவது

#1 சாம்பல்தீவு

வணக்கம். 1970களின் நாலு தட இசைத்தட்டுகள் பதினொன்று கையில் இருக்கின்றன. நாலில் 'குவாட்ராடிஸ்க்' என்று அச்சடித்திருக்கு. ஐந்தில் உறையின் மூலையில் 'எஸ்கியூ'. மிச்சம் இரண்டில் 'கியூஎஸ்'.

டேர்ன்டேபிள் ஜப்பானில் இருந்து வந்தது. 100 வோல்ட், நேரடி ஓட்டம், சேர்வோ மோட்டர். காட்ரிட்ஜில் இருப்பது சாதாரண உருண்டை முனை ஊசி. ஏவி றிசீவர் பழையது. அதில் டொல்பியின் புரோலொஜிக் 2 (இரண்டு தடத்தைப் பல ஸ்பீக்கருக்குப் பிரிப்பது) இருக்கு, பின்பக்கம் மல்டிச்சனல் இன்புட் ஆறு துளையும் இருக்கு. ஸ்பீக்கர் நாலும் ஒரே வகை, 8 ஓம்.

இரண்டு கேள்வி. புரோலொஜிக் 2 போட்டால் மூன்று வகையும் நாலாகப் பிரியுமா? குவாட்ராடிஸ்க்கை இந்த ஊசியில் ஓட்டலாமா?

#2 ஊசிமுனை

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அதில்தான் தட்டுக்கே சேதம் இருக்கிறது. அந்த நாலு தட்டையும் இப்போதைக்கு எடுத்து வையுங்கள்.

குவாட்ராடிஸ்க் என்றால் சிடி-4. ஜேவிசி உருவாக்கிய முறை. அமெரிக்காவில் ஆர்சிஏ 1972இல் அந்தப் பெயரில் வெளியிட்டது. ஊசி ஓடும் தவாளிப்பின் இடச் சுவரில் முன்இடமும் பின்இடமும் கூட்டப்பட்ட சாதாரண ஒலி இருக்கும். அதற்கு மேலே 30 கிலோ ஹேர்ட்ஸ் காவி அலை (வேறொரு ஒலியைச் சுமந்து போகும் அலை) ஒன்று. அந்தக் காவி அலைமேல்தான் முன்இடத்துக்கும் பின்இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏற்றப்பட்டிருக்கும். வலச் சுவரிலும் இதே ஏற்பாடு. கூட்டலும் கழித்தலும் கைக்கு வந்தால் நாலு தடமும் முழுதாகப் பிரியும். காவி அலையும் அதன் பக்க அலைகளும் ஏறத்தாழ 45 கிலோ ஹேர்ட்ஸ் வரை போகும்.

தவாளிப்பில் அது எவ்வளவு சிறியது என்று பாருங்கள். தட்டின் வெளிவிளிம்பில், ஆரம் 146 மில்லிமீற்றர் இடத்தில், ஊசிக்குக் கீழே தவாளிப்பு செக்கனுக்கு 0.51 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. 30 கிலோ ஹேர்ட்ஸின் ஒரு அலை அங்கே 17 மைக்ரோன் நீளம். கடைசிப் பாட்டு முடியும் இடத்தில் ஆரம் 60 மில்லிமீற்றர் அளவு, வேகம் 0.21. அதே அலை இப்போது 7 மைக்ரோன். 45 கிலோ ஹேர்ட்ஸ் என்றால் 4.7 மைக்ரோன். உங்கள் உருண்டை ஊசியின் முனை ஆரம் 15 முதல் 18 மைக்ரோன் வரை. 7 மைக்ரோன் நெளிவுக்குள் அது இறங்கவே முடியாது, மேட்டில் ஏறி உரசிக்கொண்டு போகும். தொடும் இடம் சிறு புள்ளி என்பதால் அழுத்தம் முழுக்க அந்தப் புள்ளியில். ஒரு தடவையில் அழிந்துவிடாது. ஆனால் தேய்ந்த ஊசி, 3 கிராமுக்கு மேற்பட்ட பாரம், திரும்பத் திரும்ப ஓட்டம் மூன்றும் சேர்ந்தால் சாதாரண ஒலி நன்றாக இருக்கும்போதே காவி அலை போய்விடும். அதைத் திருத்த வழி இல்லை.

இதற்காகவே ஜேவிசியில் நொரியோ ஷிபாட்டா ஒரு ஊசி வடிவம் கொண்டுவந்தார். முன்பின்னாக ஒடுக்கம், மேல்கீழாக நீளமான தொடுகை. இன்றைக்குப் புதிதாக வாங்கக் கூடியதில் ஓடியோ டெக்னிக்கா விஎம்95எஸ்எச் ஷிபாட்டா வகை, ஓட்ட முகத்தில் ஆரம் 6.6 மைக்ரோன். அதே குடும்பத்தில் விஎம்95எம்எல் மைக்ரோலைன் வகை, 3 மைக்ரோன். இரண்டுக்கும் பாரம் 2.0 கிராம்.

#3 உவர்மலை_ஒலி

முதல் கேள்விக்கு நான். கியூஎஸ் என்றால் புரோலொஜிக் 2 ஓரளவு நன்றாகவே பிரிக்கும். எஸ்கியூவைப் பிரிக்காது. சிடி-4இல் பிரிக்க ஒன்றுமே கிடைக்காது. கேட்கும்போது மூன்றிலும் பின்னால் ஏதோ சத்தம் வரும். அதை வைத்து "வேலை செய்யுது" என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். புரோலொஜிக் குடும்பத்தின் அடிப்படை, இடத்தடத்தில் இருந்து வலத்தடத்தைக் கழித்து வருவதைப் பின்னால் அனுப்புவது.

சான்சுயியின் கியூஎஸ்ஸில் முன்இட ஒலி, இடத்தடத்தில் 0.924, வலத்தடத்தில் 0.383, இரண்டும் ஒரே கட்டத்தில், அதாவது அலைகள் சேர்ந்தே ஏறி இறங்கும். கழித்தால் 0.541. பின்இட ஒலி, இடத்தில் 0.924, வலத்தில் 0.383, ஆனால் ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டம். கழித்தால் 1.307. ஆகவே பின்னுக்குரியது முன்னுக்குரியதைவிட 7.7 டெசிபெல் பெரிதாகப் பின்னால் போகிறது. இதன்மேல் புரோலொஜிக் 2இன் திசை திருப்பும் பகுதியும் வேலை செய்தால் காதுக்குத் தெளிவாகவே பிரியும்.

சிபிஎஸ் 1971இல் கொண்டுவந்த எஸ்கியூ வேறு. முன்இடம் இடத்தடத்தில் மட்டும், 1.0. கழித்தாலும் 1.0. பின்இடமோ இரண்டு தடத்திலும் 0.707, இடையில் 90 பாகை வித்தியாசம். கழித்தால் அதுவும் 1.0. இரண்டும் சரிசமம். முன்னா பின்னா என்று கழித்தலுக்குத் தெரியவே தெரியாது. எவ்வளவு விலையான றிசீவரிலும் புரோலொஜிக் போட்டால் முடிவு இதுதான். எஸ்கியூவுக்கு 90 பாகை கட்டத்தைத் திருப்பிப் போடும் டிகோடர் கட்டாயம்.

பழைய புரோலொஜிக், அதாவது 2 என்று போடாதது, கியூஎஸ்ஸுக்கும் வேண்டாம். பின்தடம் மோனோ, 7 கிலோ ஹேர்ட்ஸோடு வெட்டிவிடும்.

புரோலொஜிக் 2இல் சென்டர் ஸ்பீக்கரை 'இல்லை' என்று வையுங்கோ. நாலு தட இசைத்தட்டில் நடு என்று ஒரு தடம் கிடையாது. நடுவைத் தனியாகப் பிரித்தெடுத்தால் முன்பக்க அகலம் சுருங்கிவிடும்.

#4 நிலாவெளி

டிகோடர் எதுவும் வாங்காமல் கியூஎஸ்ஸைக் கேட்க லேசான வழி ஒண்டு இருக்கு. டேவிட் ஹாஃப்லர் சொன்ன இணைப்பு. முன் ஸ்பீக்கர் இரண்டும் வழமைபோல. பின் ஸ்பீக்கர் இரண்டையும் தொடராக இணைச்சு, ஒரு முனையை அம்பின் (அம்ப்ளிஃபயரின்) இடப்பக்கச் சிவப்புக்கும் மற்ற முனையை வலப்பக்கச் சிவப்புக்கும் குடுங்கோ. கறுப்புக்கு ஒரு வயரும் போகாது. 8 ஓம் இரண்டு தொடரில் 16 ஓம், அம்புக்குச் சுமை பெரிசில்லை. பின்சத்தம் கூடினால் தொடரில் 20 வாட் வயர்சுற்று றெசிஸ்டர் 10 ஓம் ஒண்டு.

உவர்மலை அண்ணை சொன்ன அதே 7.7 டெசிபெல் இதிலும் கிடைக்கும். எஸ்கியூவுக்கு இதுவும் சரிவராது, அதே காரணம்தான்.

#5 கிண்ணியா_சோல்டர்

நிலாவெளித் தம்பி சொன்ன இணைப்புல ஒரு எச்சரிக்கை. இப்ப கடையில வார சின்ன டிஜிட்டல் அம்ப் போர்டுகள் கனக்கப் பிரிட்ஜ் அவுட்புட். கறுப்பு முனை நிலம் இல்ல, அதுலயும் சிக்னல் ஓடுது. அப்படியான அம்புல ரெண்டு சிவப்புக்கும் இடையில ஸ்பீக்கரைக் குடுத்தா நல்லாக் கேக்கிறமாதிரி இருந்துபோட்டு அவுட்புட் ஐசி போயிரும். முதல்ல மல்டிமீற்றரை ஓமில வெச்சு, அம்பை அணைச்சு, ஸ்பீக்கரக் கழட்டி, ரெண்டு கறுப்புக்கும் இடையில பாருங்க. 1 ஓமுக்குக் கீழ காட்டினா பொது நிலம், இணைக்கலாம். காட்டாட்டி கை வைக்க வேணாம்.

அடுத்தது வயர். சிடி-4க்கு ஊசி பாதி, வயர் மிச்சப் பாதி. ஊசி மாத்தினாச் சரி என்று எல்லாரும் அங்கேயே நிண்டுபோறாங்க.

காட்ரிட்ஜுக்குள்ள இருக்கிற சுருளுக்குத் தூண்டல் இருக்கு. வயருக்குக் கொள்ளளவம் இருக்கு. ரெண்டும் சேந்தா ஒரு வடிகட்டி. அதுக்கு மேல போற அலை எல்லாம் விழுந்திரும். விஎம்95 குடும்பம் 550 மில்லி ஹென்றி. சாதாரண ஆர்சிஏ வயர் மீற்றருக்கு 100 பிகோஃபரட் அல்லது அதுக்கும் மேல. டோன்ஆமுக்குள்ள (காட்ரிட்ஜைப் பிடிச்சிருக்கிற கை) போற வயர், சொக்கெட் எல்லாம் சேந்து 200 என்று வையுங்க. ஒத்ததிர்வு 15.2 கிலோ ஹேர்ட்ஸுல வந்து நிக்கும். 30இல இருக்கிற காவி அலை எப்படி வரும்? மொத்தம் 100க்குள்ள கொண்டு வந்தா 21.5. அங்கேயும் 30க்குக் கீழதான், ஆனா விழுற அளவு வெகுவாக் குறையும்.

செய்ய வேண்டியது: டோன்ஆம் அடியில இருந்து டிமொடுலேட்டர் (காவி அலையை வெச்சு நாலு தடத்தையும் பிரிக்கிற பெட்டி) வரைக்கும் வயரை முழுசா மாத்துங்க. நீளம் 75 சென்ரிமீற்றருக்கு மேல வேணாம். டிஷ் அன்டனாவுக்குப் போடுற ஆர்ஜி-6 வகை வயர் மீற்றருக்கு 53 பிகோஃபரட்தான், 75 சென்ரிமீற்றருக்கு 40. ஆனா அது விறைப்பு, டேர்ன்டேபிளை இழுக்கும். அதோட மலிவான வகையில கவசப் பின்னல் அலுமினியம், சோல்டர் பிடிக்காது. ஆர்ஜி-59 நுரை உள்ளீடு, செம்புப் பின்னல் என்று கேட்டு வாங்குங்க. கொள்ளளவம் அதே அளவு, மெலிசு, சோல்டர் பிடிக்கும். சிசிடிவி கமராக்காரரிட்ட இருக்கும்.

சோல்டர் வைக்கும்போது நடுக்கம்பியைச் சுத்தியிருக்கிற வெள்ளை நுரை உருகி, கம்பி பக்கத்துக்குச் சாஞ்சு பின்னலில முட்டும். அயன் நுனி 3 செக்கனுக்கு மேல நிக்கக் கூடாது. கம்பியையும் சொக்கெட்டையும் தனித்தனியா ஈயம் பூசி வெச்சுட்டு, பிறகு ரெண்டையும் ஒட்டினா 3 செக்கன் தாராளம்.

அளக்கிறது: காட்ரிட்ஜில இருந்து நாலு கிளிப்பையும் கழட்டுங்க. கழட்டாம அளந்தா மீற்றர் சுருளைத்தான் காட்டும். மல்டிமீற்றரைக் கொள்ளளவத்துல வெச்சு ஆர்சிஏ நடு முள்ளுக்கும் வெளி வளையத்துக்கும் இடையில பாருங்க. அதுக்கு முதல் மீற்றர் முனை ரெண்டையும் சும்மா பிடிச்சு என்ன காட்டுது என்று பாத்து, அதைக் கழிச்சிருங்க. 100 பிகோ அளவில அது பெரிய வித்தியாசம்.

#6 சாம்பல்தீவு

நன்றி நானா. ஒரு சிக்கல் இருக்கு. பின்னேரங்களில் ஃபோனோ இன்புட்டில் வானொலிக் குரல் மெல்லிசாக வருகிறது. இங்கிருந்து வடக்கே போனால் சிற்றலை ஒலிபரப்பு நிலையம். அதற்காக றிசீவரின் ஃபோனோ சொக்கெட்டுக்குக் குறுக்கே 100 பிகோஃபரட் செராமிக் கண்டென்சர் முந்தியே போட்டிருக்கு. டிமொடுலேட்டர் வந்தால் அதன் இன்புட்டிலும் அப்படியே போடலாமா?

#7 நிலாவெளி

போடுங்கோ. இங்க கடற்கரைப் பக்கம் எல்லாருக்கும் இந்தப் பிரச்சினைதான். 100இல் இருந்து 220 வரை எல்லாம் வழமையான மருந்து.

#8 கிண்ணியா_சோல்டர்

> போடுங்கோ.

ஸ்டீரியோ ஃபோனோவுக்கு அது சரி. சிடி-4க்கு வேணவே வேணாம் தம்பி. கணக்கைப் பாருங்க.

புது வயர் 40, டோன்ஆம் 30, டிமொடுலேட்டர் இன்புட் 50, மொத்தம் 120 பிகோஃபரட். 550 மில்லி ஹென்றியோட ஒத்ததிர்வு 19.6 கிலோ ஹேர்ட்ஸ். சுமை 100 கிலோ ஓம் என்றால் 30 கிலோ ஹேர்ட்ஸுல இழப்பு 4.6 டெசிபெல். அந்தக் கண்டென்சரைப் போட்டா 220. ஒத்ததிர்வு 14.5. இழப்பு 10.8. காவி அலை கைக்கு வாரதுல பாதிக்கும் கீழ போகுது. உள்பக்கப் பாட்டுகள்ல அது ஏற்கெனவே மெலிஞ்சு இருக்கும், அங்க சரசரக்கத் தொடங்கிரும்.

வானொலியைக் கண்டென்சர் இல்லாம நிப்பாட்டலாம். ஃபெரைட் மணி, கம்பி நுழையுற துளை உள்ள சின்னது, டிமொடுலேட்டருக்குள்ள இன்புட் சொக்கெட்டுக்கும் போர்டுக்கும் இடையில நடுக்கம்பியில ஒண்டு. வயரின்ட வெளியில கிளிப் ஃபெரைட், வயரை மூணு சுத்துச் சுத்தி. மணி மெகா ஹேர்ட்ஸுல மட்டும் தடுக்கும், 30 கிலோ ஹேர்ட்ஸுக்கு அது வெறும் கம்பிதான்.

அதுக்கும் முதல் ஆர்சிஏ வெளி வளையத்தைத் துடைச்சுப் பாருங்க. உப்புக்காத்துல பச்சை பிடிச்ச வளையமே வானொலியைப் பிடிக்கும். ரெண்டு உலோகத்துக்கு இடையில இருக்கிற துரு டயோட் மாதிரி வேலை செய்யுது. கொன்ரக்ட் கிளீனர் போட்டு, சொக்கெட்டுக்குள்ள பிளக்கைப் பத்துத்தரம் திருப்புங்க. பாதிப்பேருக்கு அதிலேயே போயிரும்.

#9 நிலாவெளி

சரி நானா, நான் ஸ்டீரியோவை மனசில வைச்சுத்தான் சொன்னனான். அந்த 100 கிலோ ஓம் சுமை எங்கயிருந்து வருது? ஃபோனோ எல்லாம் 47தானே?

#10 ஊசிமுனை

சிடி-4 டிமொடுலேட்டர்களின் இன்புட் 100 கிலோ ஓமுக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. சுமையின் ஓம் அளவு கூடினால் சுருளோடு சேர்ந்த இழப்பு குறையும். நானாவின் அதே 120 பிகோஃபரட்டுக்கு 47 கிலோ ஓம் போட்டுப் பார்த்தால் 30 கிலோ ஹேர்ட்ஸில் இழப்பு 4.6 இல்லை, 8.2 டெசிபெல்.

இந்தக் கணக்கில் இருந்து இன்னொன்றும் தெரிகிறது. விஎம்95எஸ்எச்சின் ஊசி நல்லது, சுருள் சிடி-4க்கு ஏற்றதில்லை. பழைய சிடி-4 காட்ரிட்ஜ்களில் தூண்டல் குறைவாக வைத்தார்கள். 300 மில்லி ஹென்றி என்றால் அதே 120க்கு ஒத்ததிர்வு 26.5 கிலோ ஹேர்ட்ஸ். ஓடியோ டெக்னிக்கா ஏடி-15எஸ், பிக்கரிங் எக்ஸ்யூவி/4500கியூ போன்றவை அந்தக் காலத்தில் இதற்கென்றே வந்தவை. உடல் மட்டும் கிடைத்து ஊசி இல்லாவிட்டால் மாற்று ஊசி வாங்கும்போது கவனம். 'பொருந்தும்' என்று விற்பதில் பெரும்பாலானவை நீள்வட்ட முனை. ஷிபாட்டா அல்லது மைக்ரோலைன் என்று எழுதியிருக்க வேண்டும்.

மூவிங் கோயில் காட்ரிட்ஜில் தூண்டல் மிகக் குறைவு, வயர்ப் பிரச்சினையே தீர்ந்துவிடும். ஆனால் வெளியீடு 0.3 முதல் 0.5 மில்லிவோல்ட். முன்னால் ஒரு ஹெட் அம்ப் வேண்டும், அது 50 கிலோ ஹேர்ட்ஸ் வரை மட்டமாகப் போக வேண்டும். மலிவான ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபோமர் அதற்கு முன்பே விழத் தொடங்கும்.

#11 உவர்மலை_ஒலி

டிமொடுலேட்டர் வந்த பிறகு எல்லாரும் செய்யும் பிழை ஒன்று. டேர்ன்டேபிளுக்குள் கட்டியிருக்கும் ஃபோனோ பிரீஅம்பின் வழியாகவோ வெளி பிரீஅம்பின் வழியாகவோ கொடுப்பது. கொடுத்தால் டிமொடுலேட்டரில் காவி அலை கிடைப்பதைக் காட்டும் விளக்கு எரியாது. பிரீஅம்புக்குள் இருக்கும் ஆர்ஐஏஏ திருத்தம் (தட்டு வெட்டும்போது கூட்டிய உயர் ஒலியைத் திரும்பக் குறைப்பது) 1 கிலோ ஹேர்ட்ஸோடு பார்க்க 30 கிலோ ஹேர்ட்ஸை 23 டெசிபெல் கீழே அமுக்குகிறது. டிமொடுலேட்டர் காட்ரிட்ஜில் இருந்து நேரே எடுத்து, ஆர்ஐஏஏயை உள்ளே சாதாரண ஒலிக்கு மட்டும் போடும்.

ஜேவிசி 4டிடி-5, டெக்னிக்ஸ் எஸ்எச்-400, மறான்ஸ் சிடி-400பி எல்லாம் ஒரே மாதிரித்தான். பின்னால் நாலு வெளியீடு. அதை உங்கள் றிசீவரின் மல்டிச்சனல் இன்புட்டில் முன்இடம், முன்வலம், சரவுண்ட்இடம், சரவுண்ட்வலம். சென்டருக்கும் சப்வூஃபருக்கும் ஒன்றும் இல்லை.

சரிசெய்தல் இப்படி. அரைமணி நேரம் சூடாக விடுங்கோ. காவி அளவுக் குமிழ் இருந்தால் தட்டின் கடைசிப் பாட்டில் வைத்துச் சரிப்படுத்துங்கோ, முதல் பாட்டில் வேண்டாம். வெளிவிளிம்பில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்தது பிரிப்புக் குமிழ், இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்று. இது கழித்தல் சிக்னலின் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. முன் என்றால் கூட்டல் சிக்னலோடு கழித்தல் சிக்னலைச் சேர்த்தது, பின் என்றால் அதையே எடுத்துவிட்டது. இரண்டும் சரிசமமாக இருந்தால்தான் முன்னுக்குரியது பின்னால் முழுதாக அழியும். சோதனைத் தட்டு இல்லாவிட்டால், முன்இட மூலையில் மட்டும் ஒரு வாத்தியம் தனியாக வரும் இடத்தைத் தேடுங்கோ. முன் ஸ்பீக்கர்களை நிறுத்தி, பின்இட ஸ்பீக்கரில் காதை வைத்து, அந்த வாத்தியம் ஆகக் குறைவாகக் கேட்கும் இடத்தில் குமிழை விடுங்கோ. குமிழைக் கடந்து போனால் திரும்பவும் கூடும். அந்தப் பள்ளத்தின் அடிதான் சரியான இடம். பிறகு வலம். ஊசியோ வயரோ மாறினால் திரும்பவும் செய்ய வேண்டும்.

#12 ஊசிமுனை

பிழை எங்கே என்று சத்தத்தை வைத்தே சொல்லலாம்.

உரத்த இடங்களில் மட்டும் மணற்தாள் தேய்ப்பது போன்ற சரசரப்பு, உள்ளே போகப் போகக் கூடுகிறது என்றால் ஊசி அழுக்கு, பாரம் குறைவு, அல்லது தவாளிப்புத் தேய்வு. பாரத்தை காட்ரிட்ஜ் அனுமதிக்கும் உச்சத்துக்குக் கொண்டு போங்கள், விஎம்95க்கு அது 2.2 கிராம். குறைந்த பாரம் தட்டைக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். ஊசி தவாளிப்பில் துள்ளினால் சுவரைக் கொத்தும்.

ஒரு பக்கம் மட்டும் சரசரத்தால், காட்ரிட்ஜ் கிளிப்புகளை இடம்வலம் மாற்றிப் பாருங்கள். சத்தம் மறுபக்கத்து ஸ்பீக்கருக்குப் போனால் தட்டு, ஊசி அல்லது காட்ரிட்ஜ். போகாவிட்டால் கிளிப்புக்குப் பிந்திய வயர் அல்லது டிமொடுலேட்டர்.

டிமொடுலேட்டரின் காவி அலை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும், பின்னால் இரைச்சல்தான் வரும் என்றால் தட்டைப் பற்றி நம்பிக்கை வைக்க வேண்டாம்.

டிமொடுலேட்டர் வாங்க முன் தட்டைச் சோதிக்க ஒரு வழி உண்டு. 96 கிலோ ஹேர்ட்ஸ் மாதிரிவீதத்தில் பதியும் யூஎஸ்பி இன்டர்ஃபேஸில் தட்டின் பாட்டில்லாத ஆரம்பத் தவாளிப்பைப் பதிந்து, ஓடாசிட்டியில் அலைமாலை படத்தைப் பாருங்கள். ஒன்றுமே பாடாத இடத்திலும் 30 கிலோ ஹேர்ட்ஸில் நேர்கோடு ஒன்று தெரிந்தால் சிடி-4. உறை மாறிப்போன தட்டுகளுக்கும் இது உதவும். 44.1 அல்லது 48இல் பதிந்தால் அந்தக் கோடு வரவே வராது.

#13 சாம்பல்தீவு

எஸ்கியூ ஐந்துக்கும் டிகோடர் வாங்குவதா, கொம்பியூட்டரில் பிரிப்பதா?

#14 உவர்மலை_ஒலி

பெட்டி வாங்குவதென்றால் லொஜிக் உள்ளது பாருங்கோ. மோட்டரோலா எம்சி1312 என்ற ஐசி மட்டும் உள்ளது அடிப்படை டிகோடர். அதோடு 1314, 1315 இரண்டும் சேர்ந்திருந்தால் லொஜிக். அடிப்படையில் முன்இட ஒலி இரண்டு பின் ஸ்பீக்கரிலும் வெறும் 3 டெசிபெல் குறைவில் வரும். லொஜிக் அதைக் கணத்துக்குக் கணம் அமுக்கும். மிகச் சிறந்தது டேட் முறை, ஃபொஸ்கேட் 101ஏ. விலை ஏறிவிட்டது. புதிதாகச் செய்யப்படுவதில் இன்வோல்வ் ஓடியோவின் சரவுண்ட் மாஸ்டர் உண்டு, வாங்கும்போது எஸ்கியூ உள்ள பதிப்பா என்று பார்க்க வேண்டும்.

கொம்பியூட்டரில் அடிப்படைப் பிரிப்பு இதுதான்:

முன்இடம் = இடத்தடம் அப்படியே
முன்வலம் = வலத்தடம் அப்படியே
பின்இடம் = 0.707 × (90 பாகை திருப்பிய இடத்தடம் − வலத்தடம்)
பின்வலம் = 0.707 × (இடத்தடம் − 90 பாகை திருப்பிய வலத்தடம்)

90 பாகைக்கு ஹில்பர்ட் வடிகட்டி. 4095 புள்ளி என்றால் அது சிக்னலை 2047 மாதிரி தாமதப்படுத்தும். திருப்பாத எல்லாத் தடத்தையும் அதே 2047 மாதிரி தாமதிக்க மறந்தால் எல்லாம் குழம்பிவிடும். புள்ளி குறைவாக வைத்தால் பாஸ் பகுதியில் 90 பாகை வராது, பின்னால் பாஸ் கலங்கும். பதிவை எம்பி3 ஆக்க வேண்டாம். அது இரண்டு தடத்துக்கும் உள்ள கட்ட உறவைத்தான் முதலில் கைவிடும், எஸ்கியூ முழுக்க அந்த உறவில்தான் நிற்கிறது.

டிகோடருக்கு முன் இடவல சமநிலை மிக முக்கியம். மோனோத் தட்டு ஒன்றைப் போட்டு, ஒரு தடத்தைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினால் ஒலி அழிய வேண்டும். 1 டெசிபெல் பிசகினால்கூட 19 டெசிபெல்லுக்கு மேல் அழியாது. முதலில் காட்ரிட்ஜ் முன்னிருந்து பார்க்க நேராக நிற்கிறதா என்று சரிபாருங்கோ. ஒரு கண்ணாடித் துண்டில் ஊசியை இறக்கினால் காட்ரிட்ஜும் அதன் நிழலும் ஒரே கோட்டில் தெரியும். அதன் பிறகு மிச்சத்தைப் பலன்ஸ் குமிழில்.

பாடுபவரின் குரல் பின்னால் இருந்து வந்தால் டிகோடரைத் திறக்க வேண்டாம். காட்ரிட்ஜில் ஒரு பக்கத்து இரண்டு கம்பியும் இடம் மாறிப்போயிருக்கும். வெள்ளை இடம் நேர், நீலம் இடம் எதிர், சிவப்பு வலம் நேர், பச்சை வலம் எதிர்.

#15 கிண்ணியா_சோல்டர்

மின்சாரம் பத்தி ஒருத்தரும் சொல்லல்ல. ஜப்பான் பெட்டி 100 வோல்ட், அமெரிக்கப் பெட்டி 120. நமக்கு 230. அமெரிக்கப் பெட்டியை 100இல ஓட்டினா ரெகுலேட்டர் இறங்கி ஹம் வரும், ஜப்பான் பெட்டியை 120இல ஓட்டினா சூடு. ரெண்டுக்கும் வேற டிரான்ஸ்ஃபோமர்.

'தனிமைப்படுத்திய ரெண்டு சுற்று' என்று கேட்டு வாங்குங்க. ஒட்டோ டிரான்ஸ்ஃபோமர் பாதி விலை, ஆனா பிளக்கில கட்டமும் (லைவ்) நடுநிலையும் (நியூட்ரல்) மாறினா வெளியீட்டின்ட ரெண்டு முனையும் உயரத்துல நிக்கும். பழைய பெட்டிகள்ல மூணாவது முள்ளு இல்ல. டிமொடுலேட்டருக்கு 50 விஏ போதும். பெரிய நாலு தட றிசீவர் என்றால் 500.

ஐம்பது வருசப் பெட்டியை நேரே சுவரில குத்த வேணாம். 60 வாட் இழை பல்பு ஒண்டைத் தொடரில போட்டு 230 பக்கத்துல குடுங்க. பல்பு ஒருக்கா மின்னி மங்கினாச் சரி. பிரகாசமா எரிஞ்சுகொண்டே நிண்டா உள்ளுக்க ஷோர்ட், உடனே கழட்டுங்க. பவர் பகுதியில இருக்கிற மின்பகுபொருள் கண்டென்சரை 105 பாகை வகையில மாத்துங்க, 85 வகை இந்த வெக்கைக்கு நிக்காது. போர்டில இருக்கிற ட்ரிம்மரைத் திருப்ப முதல் பென்சிலால கோடு.

உங்கட டேர்ன்டேபிள் சேர்வோ, வேகத்தைத் தானே பிடிக்கும், மின்சாரத்தின்ட ஹேர்ட்ஸைப் பாக்காது என்றபடியா வோல்ட் மட்டும் பாத்தாப் போதும். பெல்ட், ஒத்தியங்கு மோட்டர், 60 ஹேர்ட்ஸ் கப்பி என்றால் இங்கத்த 50இல 33⅓ சுத்து 27.8 ஆப் போகும். டிரான்ஸ்ஃபோமர் அதைத் திருத்தாது. கப்பிதான் மாத்த வேணும்.

#16 நிலாவெளி

தட்டைக் கழுவிறதையும் சேர்த்துவிடுறன். வாடைக்காத்துக் காலத்தில உறைக்குள்ள பூஞ்சணம், கச்சான் காலத்தில நிலைமின்னும் தூசியும். சிடி-4க்கு ஒரு சின்னத் தூசியும் காவி அலையை வெட்டும், பின்னால் 'டிக்' எண்டு வரும்.

கிணத்துத் தண்ணியால கழுவ வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் தவாளிப்புக்குள்ள காய்ஞ்சு நிக்கும். கார்ப் பற்றரிக்கு ஊத்துற வடிச்ச தண்ணி சேர்விஸ் ஸ்டேஷனில இருக்கு. அமிலம் இல்லை, வெறும் தண்ணியெண்டு போத்தலைப் படிச்சுப் பாருங்கோ. லீற்றருக்கு வாசனையில்லாத பாத்திர சோப் இரண்டு துளி, ஐசோபுரோப்பைல் 100 மில்லிலீற்றர். மெல்லிய தூரிகையால் தவாளிப்பு வழியே சுத்திச் சுத்தி, குறுக்கால இல்லை. பிறகு சோப் இல்லாத வடிச்ச தண்ணியால இரண்டு தரம். நிழலில நிமிர்த்திக் காய விடுங்கோ. 78 சுற்றுத் தட்டுக்கு இந்தக் கலவை கூடாது, ஐசோபுரோப்பைல் அரக்கைக் கரைக்கும்.

பழைய கடதாசி உள்ளுறையைத் திரும்பப் போட வேண்டாம். பூஞ்சணம் அதில்தான் இருக்கு.

#17 சாம்பல்தீவு

கண்டென்சரைக் கழற்றி, ஆர்ஜி-59 வயர் 70 சென்ரிமீற்றர் போட்டாச்சு. கிளிப்புகளைக் கழற்றி, மீற்றரின் சும்மா அளவைக் கழித்துப் பார்த்தால் இடம் 71, வலம் 74 பிகோஃபரட். சொக்கெட்டைத் துடைத்ததில் வானொலிக் குரல் பெரும்பாலும் போய்விட்டது. மிச்சத்துக்கு ஃபெரைட் மணி வாங்க வேணும்.

கடைசியாக ஒன்று. றிசீவர் கையேட்டில் சரவுண்ட் ஸ்பீக்கர் 110 பாகையில் வைக்கச் சொல்லியிருக்கு. அப்படியே வைக்கலாமா?

#18 உவர்மலை_ஒலி

வேண்டாம். 110 என்பது 5.1 படத்துக்கு. நாலு தடத் தட்டுகள் சதுரத்துக்குக் கலக்கப்பட்டவை. முன் இரண்டும் நடுவில் இருந்து 45 பாகை, பின் இரண்டும் 135. அறை 3 மீற்றர் அகலம் என்றால் நாலு மூலையிலும் சுவரில் இருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி, நடுவில் கதிரை. நாலும் காதின் உயரத்தில்.

நாலையும் 'பெரிது' என்று வையுங்கோ, சப்வூஃபர் 'இல்லை'. அந்தக் காலத்தில் பின்தடத்தில் டிரம்மும் பாஸும் முழு அளவில் போட்டிருப்பார்கள். மல்டிச்சனல் இன்புட்டில் பல றிசீவர்கள் பாஸைத் திருப்பி அனுப்புவதில்லை. சின்ன ஸ்பீக்கர் பின்னால் இருந்தால் அந்தப் பாஸ் எங்கேயும் வராது. உங்களிடம் ஒரே வகை நாலு இருப்பது இதற்கு மிக நல்லது.

#19 கிண்ணியா_சோல்டர்

71உம் 74உம் நல்ல அளவு. மணியைச் சொக்கெட்டு முள்ளுக்கு ஒட்டினமாதிரி வையுங்க, போர்டு பக்கம் இல்ல. முள்ளுக்கும் மணிக்கும் இடையில விடுற கம்பி நீண்டா அதுவும் அன்டனாதான்.